கப்பல் தாளில் இல்லாத பிள்ளை

பெரியம்மா இறந்து ஓராண்டு நிறைந்த நாளில் தென்காசியில் ஒரு கூட்டம் நடந்தது. படத்துக்கு மாலை போட்டார்கள். நாலைந்து பேர் பேசினார்கள். கடைசியில் என் கணவரும் மேடையேறி, பெரியம்மா விட்டுச் சென்ற குற்றாலத்து வீட்டை இனிமேல் சீசனுக்கு யாருக்கும் விடப்போவதில்லை, பர்மாவிலிருந்து துரத்தப்பட்டு வருகிறவர்கள் தங்குவதற்குக் கொடுக்கப்போகிறேன் என்று சொன்னார். கூட்டம் கைதட்டியதாம். நான் அப்போது எட்டு மாதக் குழந்தையோடு வீட்டில் இருந்தேன். இந்தச் செய்தியை எனக்குச் சொன்னவர் மறுநாள் காலை வந்த பால்காரர்.

பெரியம்மா என்று நான் சொல்வது என் கணவரின் அத்தையை. எனக்கு முறைக்குப் பெரியம்மா. பத்து வயதில் தாலி அறுத்தவர். கதர் உடுத்தி, மறியலுக்குப் போய், சிறைக்கும் போய்வந்தவர். சுதந்திரம் வந்த பிறகு அவரோடு சிறையிருந்தவர்கள் பதவி தேடிப் போனார்கள். இவர் வீடில்லாதவர்களுக்கும் ரேஷன் கார்டு இல்லாதவர்களுக்கும் மனு எழுதிக்கொண்டு தாலுகா ஆபீஸ் படியில் உட்கார்ந்திருந்தார். உலகப் போரின்போது பர்மாவிலிருந்து காட்டு வழியாக நடந்தே வந்து சேர்ந்த சிலரைக் குற்றாலத்து வீட்டில்தான் வைத்திருந்தார் என்பார்கள். நான் கல்யாணமாகி வந்தபோது அவர் படுக்கையில் கிடந்தார். ஒன்றரை வருடம் அவருக்குக் கஞ்சி கொடுத்தேன். அவரோடு எனக்குள்ள பழக்கம் அவ்வளவுதான்.

பர்மாக் குடும்பம் ஐப்பசி மழையில் எங்கள் தென்காசி வீட்டு வாசலில் வந்து இறங்கியது. புளியங்குடிப் பக்கம் அவர்களுக்குச் சொந்தக்காரர்கள் இருந்தார்களாம். இரண்டு நாள் சோறு போட்டுவிட்டு, வீட்டில் இடமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அந்த மனிதர் ரங்கூனில் மர அறுவை மில்லில் வேலை பார்த்தவர். கையில் ஒரு தகரப் பெட்டி, இரண்டு மூட்டை. கூடவே மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும். அந்தப் பெண்ணின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. கப்பலேறும் இடத்தில் தாலியைக்கூட விடவில்லை, பொன் எதையும் கொண்டுபோகக் கூடாது என்று கழற்றி வாங்கிக்கொண்டார்கள் என்று என் கணவர் சொன்னார். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் உள்ளே ஒரு குரல், இது நிஜமா, இல்லை தாலியே கழுத்தில் ஏறவில்லையா என்று கேட்டது. என் புத்தி அப்படிப்பட்டது. கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவள் நான்.

பெரிய பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மனு எழுத வேண்டியிருந்தது. என் கணவர் பள்ளிக்கூட வாத்தியார்; ஆனால் வீட்டில் மனு எழுதுவது நான்தான், என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பார். அவர்கள் கப்பலில் வந்ததற்கான தாளை என்னிடம் கொடுத்தார். அதில் மூன்று பெயர்கள் இருந்தன. அந்த மனிதர், அவர் மனைவி, ஒன்பது வயது மகள். வாசலில் நின்றவர்கள் நான்கு பேர்.

சின்னவளுக்கு ஐந்து வயது இருக்கும். இடுங்கிய கண், அகன்ற முகம். மற்ற மூவரின் சாயல் எதுவும் அவளிடம் இல்லை. குழந்தை கீழே விழுந்தால் எந்த மொழியில் அழும் என்று நான் அதற்கு முன்னால் யோசித்ததே இல்லை. அவள் எங்கள் வாசல் படியில் வழுக்கி விழுந்தபோது எனக்குப் புரியாத ஏதோ சொல்லி அழுதாள்.

"இந்தச் சின்னப் பிள்ளை யாரு?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"தங்கச்சி மக அக்கா" என்றாள், நான் கேட்டு முடிப்பதற்குள்.

சாயங்காலம் முன்னறையில் அவள் புருஷன் என் கணவரிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவர், "அது எங்க அண்ணன் பொண்ணு சார்" என்றார்.

அன்று சாப்பாடு போடும்போது என் கணவரிடம் இதைச் சொன்னேன். "அலைஞ்சு திரிஞ்சு வந்த ஆளுக. யாரு பிள்ளையா இருந்தா என்ன, பிள்ளைதானே?" என்றார். எனக்கு அப்படி விட முடியவில்லை. அந்த மாதம் தென்காசி முழுக்கப் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று பேச்சாக இருந்தது. கடையநல்லூரில் ஒரு குழந்தையைக் காணோமாம், செங்கோட்டையில் ஒன்றாம். யார் பார்த்தார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் கைக்குழந்தை வைத்திருக்கிறவளுக்கு யாரும் பார்த்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

அவர்கள் குற்றாலத்து வீட்டுக்குப் போன பிறகு, வாரம் ஒரு முறை குழந்தையைத் தூக்கிக்கொண்டு நானும் பஸ் ஏறினேன். ஒரு வாரம் பழைய துணி, ஒரு வாரம் ஊறுகாய், ஒரு வாரம் பாய். கொடுக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பார்க்கத்தான் போனேன். அடுப்பில் என்ன இருக்கிறது, கொடியில் யார் யார் துணி காய்கிறது, தகரப் பெட்டி பூட்டியிருக்கிறதா என்று என் கண் ஓடிக்கொண்டே இருக்கும். அவளும் அதைக் கவனித்திருப்பாள்.

பக்கத்து வீட்டில் ஒரு மைனி இருந்தாள். எங்களுக்குத் தூரத்துச் சொந்தம், சீசன் வீடுகள் நாலைந்தின் சாவி அவளிடம் இருக்கும். நான் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கொல்லைப் பக்கம் கூப்பிட்டுவிடுவாள்.

"ஏட்டி, கேட்டியா, அந்தச் சின்னக் குட்டிய அவ வெளிய விடவே மாட்டுக்கா. யாராச்சும் வந்தா உள்ள தள்ளிக் கதவச் சாத்துதா. சொந்தப் பிள்ளைன்னா எவளாவது ஒளிப்பாளா?"

"பயமா இருக்கும் மைனி. புது ஊர்."

"பயந்தவ பேசுத பேச்சா அது? ஒன் பெரியம்மா கட்டில் கிடந்த எடத்துல கருவாட்ட இடிக்கா. மணம் எங்க வீட்டு விளக்குமாடம் வரைக்கும் வருது. உன் புருசன் மேடையில பேசிட்டுப் போயிட்டாக. மூக்கப் பிடிச்சிக்கிட்டு நிக்கது யாரு, நானு."

சிரித்துவிட்டேன். ஆனால் கதவைச் சாத்துகிறாள் என்றது மனதில் தங்கிவிட்டது.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. நான் கிணற்றடியில் கால் கழுவிவிட்டு வருவதற்குள் அந்தப் பெண் என் குழந்தையை மடியில் வைத்திருந்தாள். அவன் இரண்டு கன்னத்திலும் வட்ட வட்டமாக மஞ்சள் வெள்ளையாய் எதையோ பூசியிருந்தாள். சின்னவள் கன்னத்திலும் அதேபோல் இருந்தது.

"என்ன இது?"

"மரப்பட்டை அக்கா. கல்லுல உரைச்சுப் பூசினா குளிர்ச்சி. எங்க ஊர்ல எல்லாப் பிள்ளைகளுக்கும் பூசுவோம்."

முந்தானையை நனைத்து, அவன் வீறிட்டு அழும்வரை துடைத்தேன். அவள் கல்லையும் பட்டையையும் எடுத்து உள்ளே வைத்தாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவள் சொன்ன "எங்க ஊர்" என்ற சொல்லையே நினைத்துக்கொண்டு வந்தேன். இவர்களுடைய ஊர் இதுதான் என்றல்லவா மேடையில் பேசினார்கள்? கூடவே, குழந்தையின் கன்னம் சிவந்து போயிருந்ததைப் பார்த்து, துடைத்ததால் சிவந்ததா பூசியதால் சிவந்ததா என்றும் குழம்பினேன்.

தை பிறந்து சில நாட்களில், ரேஷன் கார்டுக்கு விசாரிக்க ஊர்க் கர்ணம் வந்தார். என் கணவர் பரீட்சைத் தாள் திருத்தப் பாளையங்கோட்டை போயிருந்தார். வீட்டுக்காரர் தரப்பில் யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஆள் அனுப்பியதால் நான் போனேன். அந்த வருடம் அரிசிக்கு எங்கும் தட்டுப்பாடு. கார்டு இல்லாத வீட்டில் கிழங்கும் கேழ்வரகும்தான். சின்னவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவும் கார்டில் பெயர் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும்.

கர்ணம் வயதானவர். கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, "வாத்தியார் வீட்டம்மா, நீங்க படிச்சவிய. நீங்களே எழுதிருங்க, நான் ஒப்பம் வாங்கிக்கிடுதேன்" என்று படிவத்தை என்னிடம் தந்தார்.

பெயர், வயது, குடும்பத் தலைவருக்கு உறவு. மூன்று வரி எழுதினேன். நாலாவது வரியில் சின்னவள் பெயரையும் வயதையும் எழுதினேன். உறவுக் கட்டத்தில் பேனா நின்றது.

கதவோரம் நின்ற அந்தப் பெண், "மகள்னு போடுங்க அக்கா" என்றாள்.

தங்கை மகள், அண்ணன் மகள், இப்போது மகள். நான் பள்ளிக்கூடத்தில் பொய் எழுதாதே என்று படித்தவள். அரசாங்கத் தாளில் தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதுவது எனக்குப் பெரிய குற்றமாகத் தோன்றியது. அதோடு, மறைக்க வேண்டாம், எனக்குக் கொஞ்சம் திருப்தியாகவும் இருந்தது. என்னை ஏமாற்ற முடியாது என்ற திருப்தி. அந்தக் கட்டத்தில் "தெரியவில்லை" என்று அழகாக எழுதினேன். கர்ணம் படித்துப் பார்க்காமலே மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

எட்டு நாள் கழித்து மைனியே பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவள் தென்காசிக்கு வருவது திருவிழாவுக்கு மட்டும்தான்.

"ஏட்டி, நீ என்ன எழுதிக் குடுத்த?"

"ஏன் மைனி?"

"நேத்து ஏட்டு வந்தாரு. அந்தச் சின்னதக் கூப்பிட்டு மடியில உக்கார வச்சி, உங்க அம்மா யாருன்னு கேட்டாரு. அது பயத்துல பர்மாப் பாஷையில என்னமோ சொல்லிட்டு. அவ்வளவுதான். நாலு பேருக்கும் கார்டு கிடையாதுன்னுட்டாவ. திங்கக்கிழமை பிள்ளைய ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டு வரணுமாம். அநாதை விடுதிக்கு அனுப்புவாகளாம். அவ பெட்டியக் கட்டிட்டா. மெட்ராஸ் முகாமுக்கே போறோம்னு நிக்கா."

"நீங்கதான மைனி, கதவச் சாத்துதா, ஒளிக்கான்னு சொன்னிய?"

"நான் கொல்லையில நின்னு சொன்னேன். சர்க்கார் தாள்லயா எழுதினேன்?"

அவளுக்கு வெற்றிலை எடுத்துக் கொடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

என் கணவர் அன்று மாலை ஊரிலிருந்து வந்தார். நடந்ததைச் சொன்னேன்; சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அத்தை ஒரு நாளாவது யாரு பிள்ளைன்னு கேட்டிருப்பாளா?" என்றார்.

"அவங்களுக்குப் பிள்ளை கிடையாது. எனக்கு இருக்கு."

"அந்தப் பொம்பளைக்கும் இருக்கு. அதைத்தான் நீ எழுதல."

"எனக்குத் தெரியாததை எப்படி எழுத?"

"தெரிஞ்சாத்தான் அரிசியா? நாம போடுத பிச்சையா இது, நமக்குத் தெரிஞ்சவங்களாப் பாத்துப் போட? அது அவங்க உரிமை" என்றார். மேடைக் குரல். எனக்குக் கோபம் வந்தது. "அப்ப நீங்க போய்ப் பேசுங்க" என்றேன். அவர் சொன்னார், "நான் போவேன். ஆனா கையெழுத்து உன்னது. நீ எழுதினத நீதான் மாத்தணும்."

மறுநாள் அவர் பள்ளிக்கூடம் போன பிறகு, பெரியம்மாவின் மனு நகல்கள் இருந்த பெட்டியைத் திறந்தேன். கார்பன் தாளில் எழுதிய பழைய நகல்கள், மை மங்கி நீலமாகக் கிடந்தன. போர்க்காலத்தில் நடந்து வந்தவர்களின் பட்டியல் ஒன்று இருந்தது. ஒரே வீட்டில் பதினான்கு பேர். பெயர்களைப் பார்த்தாலே தெரிகிறது, எல்லாரும் ஒரே ஜாதிகூட இல்லை. ஒவ்வொருவருக்கும் எதிரே "குடும்பத்தார்" என்று எழுதியிருந்தார். பதினான்கு முறை. இது பொய் என்றுதான் எனக்கு முதலில் பட்டது. ஊரே உத்தமி என்று மாலை போடுகிற ஒருவர் இவ்வளவு பொய் எழுதியிருக்கிறாரே என்று திகைத்தேன். பிறகு, ஒருவேளை வழியில் யாரை இழந்து யாரைச் சேர்த்துக்கொண்டு வந்தார்கள் என்பதை அவர்களிடம் கேட்க அவருக்கு மனம் வராமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். இரண்டில் எது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தத் தாளைப் படித்ததும் மனம் மாறிவிட்டது என்று நான் எழுதினால் அதுதான் பொய். திங்கட்கிழமை ஸ்டேஷனில் ஒரு ஐந்து வயதுப் பிள்ளையை யாரோ கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவார்கள் என்பதுதான் கண் முன்னால் நின்றது. பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று யாரைப் பற்றிப் பயந்தேன்?

குற்றாலம் போனேன். வீட்டு முன்னறையில் தகரப் பெட்டி கயிறு கட்டி நின்றது. சின்னவள் அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் இறங்கி உள்ளே ஓடினாள். யாரும் அவளைத் தள்ளவில்லை.

"ஒரே ஒரு தடவ நிஜத்தச் சொல்லிரு. அவ யாரு?" என்றேன்.

அந்தப் பெண் என்னை நேராகப் பார்த்தாள். "அக்கா, ரங்கூன்ல கேட்டாங்க, ஒண்ணு சொன்னேன். கப்பல்ல கேட்டாங்க. மெட்ராஸ்ல கேட்டாங்க. தங்கச்சி மகள்னா தங்கச்சி எங்கேன்னு கேட்கிறாங்க. அண்ணன் மகள்னா தாள் எங்கேன்னு கேட்கிறாங்க. மகள்னு சொன்னா மூஞ்சியப் பார்க்கிறாங்க. எதைச் சொன்னா நீங்க நம்புவீங்கன்னு நீங்களே சொல்லுங்க, அதைச் சொல்றேன்."

"நான் நம்புறதுக்கு இல்ல. எழுதறதுக்குக் கேக்கேன்."

"அன்னைக்கே சொன்னேனே" என்றாள். "மகள்."

அவள் சொன்ன விதத்தில் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டதா என்றால், இல்லை. குரல் நடுங்கவும் இல்லை, கண் கலங்கவும் இல்லை. நன்றாகப் பழகிய ஒரு பொய்யும் அப்படித்தான் இருக்கும். அங்கிருந்து நேரே தென்காசி தாலுகா ஆபீசுக்குப் போனேன்.

குமாஸ்தா என் படிவத்தைத் தேடி எடுத்து மேசையில் வைத்தார். என் கையெழுத்து அவ்வளவு அழகாக இருந்ததைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

"அப்ப தெரியாதுன்னு எழுதினிய. இப்ப மகள்ங்கிய. இதுல எதும்மா பொய்?" என்றார்.

என் மடியில் இருந்த குழந்தை அவருடைய மைக்கூட்டுக்கு எட்டிக்கொண்டிருந்தது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க கேட்டது உறவு. நான் எழுதினது என் சந்தேகம். அதை அந்தக் கட்டத்துல எழுதியிருக்கக் கூடாது" என்றேன்.

பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். "வாத்தியார் வீட்டம்மால்லா, நமக்கே பாடம் எடுக்காவ."

"சந்தேகம் போயிட்டோ?" என்றார் குமாஸ்தா.

போய்விட்டது என்று சொல்லத்தான் வாய் வந்தது. "அது என்னோட இருக்கட்டும்" என்றேன். "பிள்ளையைப் பெத்தவ மகள்னு சொல்லுதா, வளக்கது அவதான், அந்த வீட்டுலதான் இருக்குன்னு நான் எழுதித் தாரேன்." சொல்லும்போதே, பெற்றவள் என்று ஏன் சொன்னேன் என்று திடுக்கிட்டேன். அவர் கவனிக்கவில்லை.

"நாளைக்கு வேற மாதிரி வந்தா உங்களைத்தான் கேப்பாவ. சார்வாள் உத்தியோகத்துக்கும் நல்லதில்ல."

அது எனக்கும் தெரியும். அந்தப் பயத்தோடுதான் எழுதினேன். முதல் தடவைபோல எழுத்து வரவில்லை, இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தி, ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்தில் சுருக்கொப்பம் போடச் சொன்னார்கள். பிற்பகல் என் கணவரும் வந்து தாசில்தாரைப் பார்த்துப் பேசினார். ஸ்டேஷனுக்குப் பிள்ளையைக் கூட்டிவர வேண்டாம் என்று சனிக்கிழமை சொல்லி அனுப்பினார்கள்.

இது நடந்து நாலைந்து வருடம் ஆகிறது. என் மகன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். அந்தப் பிள்ளை யாருடையது என்று இன்னும் எனக்குத் தெரியாது. ஒவ்வொரு முறை வாசலில் தபால்காரர் நின்றாலும், தாலுகா ஆபீஸ் கடிதமோ என்று முதலில் அனுப்பியவர் முகவரியைத்தான் பார்க்கிறேன்.

கார்டு அந்த வருடம் மாசி மாதமே வந்துவிட்டது. நானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. மன்னிப்புக் கேட்க என்று நினைத்தேனோ, நன்றி வாங்க என்று நினைத்தேனோ தெரியவில்லை. அந்தப் பெண் கதவைப் பாதி திறந்தாள். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. கார்டை வாங்கி, திருப்பிப் பார்த்துவிட்டு, பெரிய மகளைக் கூப்பிட்டாள். பெரியவள் ரங்கூனிலேயே தமிழ் படித்தவள்.

"அக்கா குடுத்தாங்க. என்ன எழுதியிருக்குன்னு வாசி."

பெரியவள் வாசித்தாள். அப்பாவின் பெயர், குடும்பத் தலைவர். அம்மாவின் பெயர், மனைவி. தன் பெயர், மகள். நாலாவது வரியில் சின்னவளின் பெயரை வாசித்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"மகள்" என்றாள்.

"விரல வச்சுக் காட்டு" என்றாள் அந்தப் பெண். பெரியவள் விரல் வைத்தாள். அந்தப் பெண் குனிந்து, படிக்கத் தெரியாத அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமல், "இன்னொரு தடவ வாசி" என்றாள்.

நான் வாசலிலேயே நின்று, அவர்கள் வாசித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.